1200 வாற் எண்டு வாங்கினன், மேசைகூட நடுங்கேல்லை: குறைஞ்ச காசிலை நல்ல பேஸ் எடுக்கிறது எப்பிடி?

விசுவமடு_பொடியன் | வெள்ளி இரவு 9:12

வணக்கம். என்னட்டை பழைய டெஸ்க்ரொப் ஒண்டு இருக்கு. அதோடை ஒரு 2.1 ஸ்பீக்கர் செற் (ரெண்டு சின்ன ஸ்பீக்கரும், பேஸ் எண்ட அடிச் சத்தத்துக்கு சப் எண்ட பெட்டியும்), ரெண்டு வருசத்துக்கு முன்னம் வாங்கினது. பெட்டியிலை 1200 வாற் எண்டு கொட்டை எழுத்திலை கிடக்கு. ஆனால் தவில் ஒண்டைப் போட்டால் பால்மா ரின்னிலை தட்டின மாதிரித்தான் கேக்குது. போன கிழமை அடுத்த வளவுக் கலியாணவீட்டுக்கு வந்த சவுண்ட்ஸ்காரற்றை பெட்டி எங்கட யன்னலையே நடுங்க வைச்சுது. என்ரை 1200 வாற் என்ரை மேசையைக்கூட அசைக்கேல்லை.

கையிலை பத்தாயிரம் இருக்கு. நெல்லு வித்தால் இன்னும் ரெண்டு மூண்டு சேரும். புதுசா எதை வாங்கலாம்? அறை பத்தடிக்குப் பன்ரெண்டடி, மேலை சீற் கூரை. மேசை நடு அறையிலை, ஃபானுக்கு நேர கீழை. சப் மேசைக்குக் கீழை கிடக்கு, 4 இஞ்சிக் கூம்பு. தவில், பறை, சினிமாப் பாட்டு, இடைக்கிடை கேம். நெஞ்சிலை இடிக்கோணும், அவ்வளவுதான் ஆசை.

ஏ9_ட்றைவர் | வெள்ளி இரவு 9:30

மச்சான், கனக்க யோசிக்காதை. 12 இஞ்சி கார் சப் ஒண்டு, சத்தத்தைப் பெருக்கிற அம்ப் ஒண்டு, ஒரு 12 வோல்ற் பற்றரி. வேலை முடிஞ்சுது. முறிகண்டியிலை கச்சான் வாங்க வானை நிப்பாட்டினால், கச்சான்காரம்மா காசை வாங்க முன்னம் பாட்டைக் குறை எண்டு சொல்லுவா. அப்பிடி இருக்கோணும்.

பழைய_பற்றரி | வெள்ளி இரவு 10:05

தம்பி, வாங்கிறதைப் பேந்து பாப்பம். முதல் அந்த சப்பைப் பிரட்டி, பின்பக்கம் வயர் வாற இடத்திலை ஒட்டியிருக்கிற சின்ன ஸ்ரிக்கரைப் பார். முன்னாலை 1200 எண்டு போட்டவன் பின்னாலை உண்மையை எழுதியிருப்பான்.

விசுவமடு_பொடியன் | வெள்ளி இரவு 10:11

230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 35 வாற் எண்டு கிடக்கு அண்ணை. உதுதானோ?

பழைய_பற்றரி | வெள்ளி இரவு 10:26

உதேதான். சுவரிலை இருந்து 35 வாற் எடுக்கிற சாமான் 1200 வாற் வெளியாலை தருமெண்டால், லக்சபானா மின் நிலையத்தைப் பூட்டிப்போட்டு உன்ரை ஸ்பீக்கரிலை இருந்து ஊருக்குக் கறண்ட் குடுக்கலாம்.

பெட்டியிலை இருக்கிற 1200க்குப் பேர் பீஎம்பீஓ. அதுக்கு உலகத்திலை ஒரு பொது அளவும் இல்லை. கண் இமைக்கிற நேரத்துக்கு, கறண்டைச் சேத்து வைக்கிற கொன்டென்சருக்குள்ளை கிடக்கிறது முழுக்கக் கொட்டுண்டால் எவ்வளவு எண்டு ஒவ்வொருத்தனும் தன்ரை வாய்க்கு வந்ததைப் போடுறது. பார்க்கவேண்டியது ஆர்எம்எஸ், அதாவது விடாமல் தரக்கூடிய வாற். ஒழுங்கான கொம்பனி அதைச் சின்ன இலக்கமெண்டு வெக்கப்படாமல் போடும். லொஜிரெக் ஸெட் 313 எண்ட செற், மொத்தமே 25 வாற், அதிலை சப்புக்கு 15. கிரியேற்றிவ் பெபிள் எண்டு உருண்டையா ரெண்டு வருமே, அது 4.4 வாற்தான். அதை வைச்சுத்தான் கனபேர் பாட்டுக் கேக்கினம்.

உன்ரை செற், சூடாப் போறதைக் கழிச்சால் 20 வாற் தந்தாலே பெரிய காரியம். ஆனால் ஒண்டு சொல்லுறன், பத்தடி அறைக்கு 20 வாற் குறைவில்லை. உன்ரை பிரச்சினை வாற் இல்லை.

ஏ9_ட்றைவர் | வெள்ளி இரவு 10:40

வாற்றைக் கூட்டினால் பேஸ் கூடும்தானே அண்ணை? சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.

முள்ளியவளை_ரீச்சர் | சனி காலை 6:50

சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைத்தான் நான் உயர்தர வகுப்பில் திருத்த வேண்டியிருக்கிறது.

வாற்றை இரண்டு மடங்காக்கினால், சத்தத்தை அளக்கிற அலகில் 3 டெசிபல்தான் கூடும். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று காதுக்குப் படுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாற். 20 வாற் செற்றைக் கழித்துவிட்டு 40 வாற் செற் வாங்கினால், இரண்டையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிக் கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். அவ்வளவு காசுக்கு அவ்வளவுதான் பலன்.

பேஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. ஹேர்ட்ஸ் என்பது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது; குறையக் குறையச் சத்தம் தடிக்கும். அதே சத்த அளவை 100 ஹேர்ட்ஸில் இருந்து 50க்கு இறக்குவதற்கு, ஸ்பீக்கரின் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். 4 இஞ்சிக் கூம்பால் அவ்வளவு தூரம் போக ஏலாது, அடிபட்டுக் கரகரக்கும். 8 இஞ்சி என்றால் பரப்பு நாலு மடங்கு. 4 இஞ்சி 100 ஹேர்ட்ஸில் செய்கிற வேலையை, 8 இஞ்சி அதே ஆட்டத்தோடு 50இல் செய்யும். ட்றைவர் தம்பி பெரிய கூம்பு வாங்கச் சொன்னது சரி. சொன்ன காரணம்தான் பிழை.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் மேசையை நடு அறையில் வைத்திருக்கிறீர்கள். எங்கட வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடும். பன்ரெண்டடி என்பது 3.66 மீற்றர். அரை அலைநீளம் அதற்குள் சரியாகப் பொருந்துகிற மீடிறன் (அதிர்வெண்) 48 ஹேர்ட்ஸ் அளவில் வரும். பத்தடிப் பக்கத்துக்கு 57. இந்த இரண்டிலும் காற்றின் அமுக்கம் ஆகக் கூட ஏறி இறங்குவது சுவரோரத்தில். நடு அறையில் அநேகமாக ஒன்றுமில்லை. பரிவுக் குழாய் பரிசோதனையில் கணுவும் முரண்கணுவும் என்று படித்தது இதுதான். நீங்கள் அந்தக் குழாய்க்குள் கதிரை போட்டு, சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சப்பையும் அதே இடத்தில் வைத்திருக்கிறீர்கள். அது அந்த மீடிறன்களை எழுப்பவும் மாட்டாது, எழுப்பினாலும் உங்களுக்குக் கேட்கவும் மாட்டாது.

ஒரு சதமும் செலவழிக்க முன்னம் சப்பை மூலைக்குக் கொண்டுபோங்கள். மேசையைச் சுவரோடு தள்ளுங்கள். மூலையில் இரண்டு சுவரும் நிலமும் சேர்ந்து, நாலு பக்கமும் சிதறுகிற சத்தத்தை உங்கள் பக்கம் திருப்பும்.

எந்த மூலை என்று தெரியாவிட்டால் ஒரு வழி. சப்பைத் தூக்கி நீங்கள் இருக்கிற கதிரையில் வையுங்கள். பேஸ் கூடின பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழுங்கள். எந்த இடத்தில் உங்கள் காதுக்குப் பேஸ் திரண்டு, சமனாகக் கேட்கிறதோ அதுதான் சப்புக்குரிய இடம். இடத்தை மாற்றிப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

ஏ9_ட்றைவர் | சனி காலை 7:15

ரீச்சர், பொடியன் விடியக்காலமை அறைக்குள்ளை தவழுறதைத் தாய் மனுசி கண்டால் வற்றாப்பளை அம்மனுக்கு நேத்தி வைச்சிடுவா.

விசுவமடு_பொடியன் | சனி பின்னேரம் 4:48

தவழ்ந்தாச்சு. அம்மா கண்டவ. "என்னடா துலைச்சனி?" எண்டு கேட்டிட்டு அவவும் குனிஞ்சு தேடத் தொடங்கிட்டா.

ரீச்சர், நம்பேலாமல் கிடக்கு. வடக்கு மூலையிலை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலை அதே சப், அதே பாட்டு, அதே வொலியூம். தவிலின்ரை இடந்தலை இப்பதான் தவில் மாதிரி இருக்கு. எழும்பி நடு அறைக்கு வந்தால் காணாமல் போகுது, திரும்பச் சுவருக்குப் போனால் வருது. தம்பியைக் கூப்பிட்டும் நிக்க வைச்சுப் பாத்தன், அவனும் அதையேதான் சொல்லுறான்.

ஆனால் இன்னும் ஒரு குறை. ஆழத்திலை இருக்கு, மேலை இருக்கு, இடையிலை ஒரு ஓட்டை மாதிரி. ஆம்பிளைக் குரல் மெலிஞ்சு, எங்கயோ பின்பக்கத்துச் சுவருக்குள்ளை இருந்து வாற மாதிரி.

பழைய_பற்றரி | சனி பின்னேரம் 5:20

சின்ன ஸ்பீக்கர் ரெண்டின்ரை வயரிலை எப்பவாவது கை வைச்சனியோ?

விசுவமடு_பொடியன் | சனி பின்னேரம் 5:24

ஓம் அண்ணை. போன மாரியிலை எலி கடிச்சது. ஒண்டை அறுத்துத் திரும்ப முறுக்கி ரேப் சுத்தினன். ரெண்டும் கறுப்புத்தானே, எது எது எண்டு பாக்கேல்லை.

பழைய_பற்றரி | சனி பின்னேரம் 5:41

பிடிச்சாச்சு. மாறிக் கட்டியிருக்கிறாய். ஒண்டு முன்னுக்கு வரேக்கை மற்றது பின்னுக்குப் போகுது. ஒண்டு தள்ளுற காத்தை மற்றது உறிஞ்சுது. கீச்சுச் சத்தத்திலை இது அவ்வளவு தெரியாது, தடிச்ச குரலிலைதான் சாப்பிடும். ரீச்சர் இதுக்கு அவத்தை எண்டு பேர் சொல்லுவா. நாங்கள் கடையிலை "மாறிப் போச்சு" எண்டுறது.

சோதிக்கிறது சுகம். முன்பக்கத் துணியைக் கழட்டு. மணிக்கூட்டுக்குப் போடுற 1.5 வோல்ற் பற்றரி ஒண்டை எடு. அம்பிலை இருந்து வயரைக் கழட்டிப்போட்டு, அந்த முனையிலை பற்றரியை ஒரு செக்கன் முட்டி எடு. "டப்" எண்டும், கூம்பு அசையும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி முட்டேக்கை ரெண்டு கூம்பும் ஒரே பக்கம் அசையோணும். ஒண்டு வெளியாலை, ஒண்டு உள்ளுக்கை எண்டால் ஒண்டின்ரை வயரை மாத்து. 9 வோல்ற் பற்றரியை வைக்காதை, பிடிச்சபடி நிக்கவும் வேண்டாம். உள்ளுக்கை இருக்கிற கம்பிச் சுருள் சூடாகும்.

விசுவமடு_பொடியன் | சனி இரவு 7:02

மாறித்தான் கிடந்தது. மாத்தினன். பாட்டுக்காரர் சுவருக்குள்ளை இருந்து வெளியாலை வந்து நடுவிலை நிக்கிறார்!!! ஒரு மாரி முழுக்க இப்பிடியோ கேட்டிருக்கிறன்.

இதுவரைக்கும் செலவு: ஒரு முழம் ரேப்.

பம்பைமடு_ஹொஸ்ரல் | சனி இரவு 9:35

இப்பதான் பாத்தன். கொம்பியூட்டருக்குள்ளையும் வேலை இருக்கு, அதுவும் சும்மா. விண்டோஸ் எண்டால் ஈக்குவலைசர் ஏபிஓ எண்டு ஒரு புரோகிராம், ஒவ்வொரு மீடிறனையும் தனித்தனியாக் கூட்டிக் குறைக்கலாம், காசில்லை. அதுக்கு மேலை பீஸ் எண்ட முகப்பைப் போட்டால் எழுத்து வேலை இல்லாமல் இழுத்து இழுத்து வைக்கலாம். லினக்ஸ்காரருக்கு ஈஸிஎஃபெக்ற்ஸ். ஒண்டும் இறக்க விருப்பமில்லை எண்டால், சில கொம்பியூட்டர்களிலை சவுண்ட் செற்றிங்சுக்குள்ளையே பேஸ் பூஸ்ற் கிடக்கும், அதைப் பாருங்கோ.

ஏ9_ட்றைவர் | சனி இரவு 9:44

நான் வானிலை செய்யிறது: ஈக்குவலைசரிலை இடது பக்கத்திலை இருக்கிற மூண்டு கோலையும் உச்சிக்கு ஏத்துறது. 30, 60, 125. பேந்து அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கிறேல்லை.

பம்பைமடு_ஹொஸ்ரல் | சனி இரவு 10:10

அண்ணை, அதைத்தான் செய்யக்கூடாது எண்டு சொல்ல வந்தனான். இவற்றை 4 இஞ்சிக் கூம்பாலை 30 ஹேர்ட்ஸைச் சத்தமாத் தர முடியாது. ஏத்தினால் கூம்பு பேய்த்தனமா ஆடும், காதுக்கு ஒண்டும் வராது. அம்பின்ரை பலம் முழுக்க அங்கையே செலவழியும். பேந்து 80இலை வாற உண்மையான அடிக்கு ஒண்டும் மிஞ்சாது.

தலைகீழாச் செய்யுங்கோ. 45 ஹேர்ட்ஸுக்குக் கீழை உள்ளதை வெட்டுங்கோ. அந்தப் புரோகிராமிலை ஹை பாஸ் எண்டு ஒரு ஃபில்ரர் இருக்கு. பிறகு 70க்கும் 100க்கும் இடையிலை 4, 5 டெசிபல் ஏத்துங்கோ. 250, 300 பக்கம் 2 டெசிபல் இறக்குங்கோ, அந்த இடம்தான் பெட்டிச் சத்தம் மாதிரிக் குமுறும். கடைசியா, கட்டாயம், ப்ரீஅம்ப் எண்டிருக்கிறதை (முழுச் சத்தத்தையும் ஒண்டாக் கூட்டிக் குறைக்கிறது) மைனஸ் 6 டெசிபலுக்கு இறக்கிவிடுங்கோ. இல்லாட்டி ஏத்தின இடத்திலை சத்தம் உச்சத்தை முட்டி வெட்டுப்பட்டுக் கிழியும். குறைஞ்ச சத்தத்தை ஸ்பீக்கரின்ரை வொலியூமாலை கூட்டலாம்.

வெட்டினாப் பேந்து பேஸ் கூடினமாதிரி இருக்கும். செய்து பாத்திட்டு ஏசுங்கோ.

முள்ளியவளை_ரீச்சர் | ஞாயிறு காலை 7:30

நன்றாகச் சொன்னீர்கள். 50 ஹேர்ட்ஸ் சுரம் ஒன்றில் 100, 150, 200 என்று மேற்சுரங்களும் சேர்ந்துதான் வரும். அடியில் உள்ள 50ஐ ஸ்பீக்கர் தராவிட்டாலும், மேலே உள்ளவை ஒழுங்காக வந்தால் மூளை அந்த 50ஐத் தானே நிரப்பிக்கொள்ளும். சின்னக் கைத்தொலைபேசியில் தடித்த குரலை அடையாளம் காண்கிறோமே, அப்படி. அதனால் அந்த 100–200 பகுதி சுத்தமாக இருப்பது அடிப்பகுதியைவிட முக்கியம். அவத்தை மாறிக் கிடந்தபோது இவர் இழந்ததும் அதைத்தான்.

இன்னொன்று. இரவு சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது பேஸ்தான் முதலில் மறையும். ஸ்பீக்கரில் பிழையில்லை, காதின் இயல்பு. 1933இல் ஃபிளெச்சரும் மன்சனும் அளந்து வரைந்த வளைகோடுகள் இதைத்தான் காட்டுகின்றன. பழைய ரேப் றெக்கோடர்களில் லவுட்னஸ் என்று ஒரு பட்டன் இருந்ததே, அது இதற்காகத்தான். இராத்திரிக்கு என்று தனியாக ஒரு செற்றிங் சேமித்து வையுங்கள், பேஸ் கொஞ்சம் கூட வைத்து. பக்கத்து வீட்டில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அதுவும் வேண்டாம். நீண்ட அலைகளுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

விசுவமடு_பொடியன் | ஞாயிறு பின்னேரம் 3:15

எல்லாம் செய்தன். வெள்ளிக்கிழமை இருந்த செற்றும் இதுவும் ஒண்டெண்டு ஆரும் சொல்லமாட்டினம். அப்ப இந்தப் பத்தாயிரத்தை என்ன செய்யிறது? வைச்சிருந்தால் அம்மா உரத்துக்கு எண்டு எடுத்துப்போடுவா.

பழைய_பற்றரி | ஞாயிறு இரவு 8:00

இப்ப 8 இஞ்சிக்குப் போகலாம். ஆனால் கடைக்குப் போகாதை. பழைய சாமான் எடுக்கிற இடங்களிலை ஹோம் தியேட்டர் சப் குப்பையாக் கிடக்கும். அநேகமா அம்ப்தான் எரிஞ்சிருக்கும். மின்னலுக்கும் வோல்ற்றேஜ் ஏறி இறங்கிறதுக்கும் எங்கட பக்கம் அம்ப்தான் முதல் பலி. கூம்பும் பெட்டியும் கல்லுமாதிரி இருக்கும். வாங்க முன்னம் கூம்பை ரெண்டு பெருவிரலாலை சமனா உள்ளுக்கு அமத்திப் பார். உராயிற சத்தம் வந்தால் சுருள் எரிஞ்சது, விட்டிட்டு வா. கரையிலை இருக்கிற ஃபோம் விரலோடை உதிர்ந்தாலும் வேண்டாம். றப்பர் கரை எண்டால் திறம். மீற்றர் கொண்டுபோய் ஓமும் (சுருளின்ரை மின்தடை) பார்.

விசுவமடு_பொடியன் | ஞாயிறு இரவு 8:06

எத்தினை ஓம் இருக்கோணும்?

ஏ9_ட்றைவர் | ஞாயிறு இரவு 8:07

கடைக்காரன் "நல்ல சாமானோ" எண்டு கேக்க "ஓம்" எண்டுவான். அந்த ஓமை நம்பாதை.

பழைய_பற்றரி | ஞாயிறு இரவு 8:22

😄 4 ஓம் ஸ்பீக்கர் எண்டால் மீற்றரிலை 3.2, 3.5 எண்டு காட்டும். 8 எண்டால் 6 சொச்சம். மீற்றர் காட்டுறது வயரின்ரை தடை மட்டும், அதாலைதான் குறைய. ஒண்டுமே காட்டாட்டி அறுந்தது.

அம்புக்கு டிபிஏ 3116 எண்ட சிப் போட்ட போர்ட் ஒண்டு எடு. சப்புக்கெண்டே தனி ஃபில்ரர் பொத்தானோடை வாறது இருக்கு. பழைய ஆக்கள் டீடிஏ 2030இலை கட்டினம், நானும் நூற்றுக்கணக்கிலை கட்டினனான். ஆனால் அது சூடு, ட்ரான்ஸ்ஃபோமர் வேணும், பாரம். இது லப்ரொப் சார்ஜரிலை ஓடும்.

ஏ9_ட்றைவர் | ஞாயிறு இரவு 8:40

பற்றரியிலை ஓடாதோ? என்னட்டை 12 வோல்ற்றிலை 200 வாற் எண்டு போட்ட போர்ட் ஒண்டு இருக்கு.

பழைய_பற்றரி | ஞாயிறு இரவு 9:05

ஓடும், 200 வராது. கணக்கைப் பார். 12ஐ 12ஆலை பெருக்கு, 144. அதை ஓமின்ரை ரெண்டு மடங்காலை பிரி. 4 ஓமுக்கு 144ஐ 8ஆலை பிரிச்சால் 18 வாற். கிழியாமல் வாறது அவ்வளவுதான், அதுவும் பிரிட்ஜ் பண்ணின, அதாவது ரெண்டு அம்ப் சேந்து ஒரு ஸ்பீக்கரை ஓட்டுற மாதிரியான அம்பிலை. 19 வோல்ற் லப்ரொப் சார்ஜர் எண்டால் 361ஐ 8ஆலை, 45 வாற். சும்மா மூலையிலை கிடக்கிற சார்ஜராலை ரெண்டரை மடங்கு. உன்ரை 200 வாற் போர்ட்டும் இவன்ரை 1200 வாற் பெட்டியும் ஒரு தாய் பிள்ளையள்.

பற்றரி எண்டோடனை பழசு ஒண்டு ஞாபகம் வருது. தொண்ணூறுகளிலை, சண்டைக் காலத்திலை, எங்கட பக்கம் கறண்டும் இல்லை, பற்றரியும் விடமாட்டாங்கள். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒருத்தர் பெடலைச் சுத்த, டைனமோவிலை றேடியோ கேட்ட காலம். டைனமோ எண்டால் 6 வோல்ற், 3 வாற். அதிலை றேடியோ எடுக்கிறது ஒரு சொட்டு. சத்தம் காணாதெண்டு ஐயா றேடியோவின்ரை ஸ்பீக்கரைக் கழட்டி, வாய் பொருந்தின மண்பானை ஒண்டின்ரை மேலை கவிட்டு, சுத்திவரக் களிமண் பூசினார். செய்தி வாசிக்கிற ஆள் முற்றத்திலை வந்து நிக்கிற மாதிரிக் கேட்டுது. சுத்துற ஆள் களைச்சால் குரலும் களைக்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அந்தப் பானையாலைதான்.

முள்ளியவளை_ரீச்சர் | ஞாயிறு இரவு 9:30

ஐயா செய்தது முழுச் சரி. கூம்பின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் உறிஞ்சுகிறது. பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் ஓரத்தால் சுற்றி வந்து ஒன்றையொன்று அழிக்கும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டால் பேஸ் இல்லாததற்கு அதுதான் காரணம். பானை பின்பக்கச் சத்தத்தை அடைத்தது. ஒரேயொரு குறை, பானை தனக்குப் பிடித்த ஒரு சுரத்துக்கு மட்டும் கூடக் குமுறும்.

மாங்குளம்_தச்சன் | திங்கள் இரவு 7:45

பெட்டி எண்ட கதை வந்தபடியால் நானும் வாறன். எனக்கு வாற் ஓம் ஒண்டும் தெரியாது, பெட்டி தெரியும். சவுண்ட்ஸ்காரருக்கு அடிச்சுக் குடுத்திருக்கிறன்.

தம்பி குப்பையிலை எடுக்கிற பெட்டி ஊறி வீங்கியிருந்தால் புதுசு அடிக்கிறது நல்லம். முதிரை, பாலை எண்டு வெளிக்கிடாதை. அந்த மரத்துக்குப் பெர்மிற் காட்டி முடியவே உன்ரை பத்தாயிரம் முடிஞ்சிடும். ஸ்பீக்கருக்குத் தேவையும் இல்லை. மர நாரை அமத்திச் செய்யிற எம்டிஎஃப் பலகை 18 மில்லிமீற்றர் நல்லது. அதுக்கும் காசில்லையோ, உடைஞ்ச கொம்பியூட்டர் மேசைப் பலகையை ரெண்டு தட்டா ஒட்டு. தட்டினால் "டொக்" எண்டோணும், "டம்" எண்டால் பலகை காணாது. உள்ளுக்கை குறுக்காலை ஒரு சட்டம் குடு.

மூட்டு எல்லாத்துக்கும் மரப்பசையிலை மரத்தூளைக் குழைச்சு உள்ளாலை இழு. ஊசி போற ஓட்டை இருந்தாலும் "ஸ்ஸ்" எண்டு ஊதும். ஒரு சாம்பிராணிக் குச்சியைக் கொளுத்தி மூட்டோரம் பிடிச்சுக்கொண்டு பேஸ் பாட்டைப் போட்டால், புகை ஆடுற இடத்திலை ஓட்டை.

உள்ளுக்கை பஞ்சு. கடையிலை விக்கிறது வேண்டாம், பழைய தலகணியிலை இருக்கிற இலவம் பஞ்சு காணும். இறுக்கி அடையாதை, பூவா உதிர்த்துப் போடு. நெருப்புக்குக் கவனம், இலவம் பஞ்சு பேய் மாதிரிப் பத்தும். அம்ப் போர்ட்டைப் பெட்டிக்குள்ளை வைக்காமல் வெளியாலை வை.

பம்பைமடு_ஹொஸ்ரல் | திங்கள் இரவு 8:10

அண்ணை, மூடின பெட்டியோ, குழாய் வைச்ச பெட்டியோ?

மாங்குளம்_தச்சன் | திங்கள் இரவு 8:25

முதல்முறை அடிக்கிறவனுக்கு மூடினது. பிழைச்சாலும் கேக்கக்கூடிய மாதிரிப் பிழைக்கும். தவிலுக்கு அதுதான் சுருக்கா அடிச்சு நிக்கும். குழாய் எண்டால் சத்தம் கூட, ஆனால் அளவு தவறினால் எல்லாப் பாட்டும் ஒரே "பூம்".

முள்ளியவளை_ரீச்சர் | திங்கள் இரவு 9:00

குழாய்க்கும் கணக்கு இருக்கிறது. வெறும் போத்தல் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருமே, அதே தத்துவம். தேர்ஸ் என்ற அமெரிக்கர் 1932இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 20 லீற்றர் பெட்டிக்கு 5 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள எஸ்லோன் (பிவிசி) குழாய் வைத்தால், ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் நீளத்தில் 45 ஹேர்ட்ஸுக்கு இசையும். குழாயை நீட்டினால் சுரம் இறங்கும், குறுக்கினால் ஏறும். முதலில் நீளமாக வெட்டுங்கள். வெட்டினதை ஒட்ட முடியாது. அந்த 45க்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்து வைக்கக் காற்று இல்லை, அளவுக்கு மிஞ்சி ஆடும். ஹொஸ்ரல் தம்பி சொன்ன ஹை பாஸ் அங்கே கட்டாயம் வேண்டும்.

ஆனால் இந்த அளவு எல்லா 8 இஞ்சிக்கும் பொருந்தாது. ஒவ்வொரு கூம்புக்கும் அதன் சொந்தக் குணம் உண்டு. ஏற்கெனவே நல்ல பெட்டியோடு கிடைத்தால் அதை மாற்றாதீர்கள். அந்தக் கணக்கைச் செய்தவர்கள் கூம்பை அளந்துதான் செய்திருப்பார்கள்.

விசுவமடு_பொடியன் | அடுத்த ஞாயிறு இரவு 8:50

அறிக்கை.

பரந்தனிலை ஒரு பழைய சாமான் கடையிலை 8 இஞ்சி சப் ஒண்டு, பெட்டியோடை, மூவாயிரத்துக்கு எடுத்தன். நாலாயிரம் சொன்னவர். பெருவிரலாலை அமத்தி, மீற்றரை வைச்சு 3.4 எண்டு வாசிக்க, "தம்பி ஆர், சவுண்ட்ஸ் வேலையோ" எண்டு கேட்டுக் குறைச்சார். அம்ப் எரிஞ்சு கறுத்துக் கிடந்தது. றப்பர் கரை. பெட்டி ஊறேல்லை, ஒரு மூட்டிலை மட்டும் சாம்பிராணிப் புகை ஆடிச்சுது, தச்சன் அண்ணை சொன்ன களிதான் பூசினன். போர்ட் ரெண்டாயிரத்து எழுநூறு. சார்ஜர் மாமாவின்ரை செத்த லப்ரொப்பின்ரை. பழைய செற்றிலை இருந்த சின்ன ஸ்பீக்கர் ரெண்டையும் அப்பிடியே வைச்சிருக்கிறன். ஃபில்ரர் பொத்தானை 120 அளவிலை விட்டிருக்கிறன். கூடினால் ஆம்பிளைக் குரல் சப்பாலை வருது, குறைஞ்சால் திரும்ப அந்த ஓட்டை வருது.

முதல்நாள் ஒரே "ம்ம்ம்ம்" எண்டு இரைச்சல். பேந்துதான் பிடிச்சன், பக்கத்துத் தோட்டத்திலை தண்ணி மோட்டர் போட்டால் கூடுது, நிப்பாட்டினால் குறையுது. சார்ஜரையும் கொம்பியூட்டரையும் ஒரே பிளக் கட்டையிலை குத்தினாப் பேந்து நிண்டிட்டுது.

நேற்று இரவு தவில் தனி ஒண்டைப் போட்டன். சொன்னால் சொன்னபடி, நெஞ்சிலை வந்து நிண்டுது. நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம், அம்மா எடுத்தாச்சு.

புதுக் கரைச்சல் ஒண்டு: குசினித் தட்டிலை இருக்கிற எவர்சில்வர் பாத்திரங்கள் ஒரு இடத்திலை மட்டும் கிலுகிலு எண்டு பாடுது.

பம்பைமடு_ஹொஸ்ரல் | அடுத்த ஞாயிறு இரவு 9:02

எந்த இடத்திலை எண்டு பாத்து, அந்த மீடிறனை மட்டும் ஒடுக்கமா 4 டெசிபல் இறக்குங்கோ.

மாங்குளம்_தச்சன் | அடுத்த ஞாயிறு இரவு 9:10

அல்லாட்டி சப்புக்குக் கீழை பழைய சைக்கிள் ரியூப்பை நாலு துண்டா மடிச்சு வை. நிலத்தாலை போறது குறையும். பாத்திரத்துக்கு இடையிலை பேப்பர் வைக்க அம்மாட்டைச் சொல்லு.

ஏ9_ட்றைவர் | அடுத்த ஞாயிறு இரவு 9:31

மச்சான், அந்தப் பரந்தன் கடை எந்தப் பக்கம்? வேற ஆருக்கும் சொல்லாதை. வானிலை இருக்கிற 12 இஞ்சியைப் பின்கதவுப் பக்கம் திருப்பி வைச்சுப் பாத்தன், ரீச்சர் சொன்ன மூலைக் கதை வேலை செய்யுது. இப்ப வீட்டுக்கும் ஒண்டு தேவை.

விசுவமடு_பொடியன் | அடுத்த ஞாயிறு இரவு 9:36

சந்தியாலை முல்லைத்தீவு றோட்டிலை திரும்ப இடக்கைப் பக்கம் அண்ணை. இன்னும் ஒண்டு கிடந்தது, 10 இஞ்சி. ஆனால் கூம்பு கையளவுக்குக் கிழிஞ்சிருக்கு.

பழைய_பற்றரி | அடுத்த ஞாயிறு இரவு 9:50

பேப்பர் கூம்போ, பிளாஸ்ரிக் கூம்போ? பேப்பர் எண்டால் விடாதை. தேயிலைப் பக்கற் பேப்பரும் மரப்பசையும் காணும். படம் எடுத்துப் போடு, பாப்பம்.